நான்கு தபால் அட்டைகளின் மேல் ஒரு கார்

ஐப்பசி மாதத்துக் காலை நேரம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சாலை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிச் செல்லும் சாலை அது. இரண்டு நாள் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. இருபுறமும் தாளடி நடவுக்காகச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது.

சாலையிலிருந்து வயலுக்குப் பிரியும் வண்டித் தடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பதைவிட உட்கார்ந்திருந்தது என்று சொல்வதே பொருத்தம். நான்கு சக்கரங்களும் சேற்றில் புதைந்து, காரின் அடிவயிறு தரையில் படிந்திருந்தது. பக்கத்தில் தலையைச் சொறிந்தபடி நின்றவன் என் பழைய மாணவன். பந்தயக் கார் போலத் தோன்ற வேண்டும் என்று, ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை 5 செ.மீ. தாழ்த்தியிருந்தான். 165 மி.மீ. அகல டயர்களை எடுத்துவிட்டு, 205 மி.மீ. டயர்களைப் பொருத்தியிருந்தான்.

அடுத்த வயலில் உழுதுகொண்டிருந்த டிராக்டர்தான் உதவிக்கு வந்தது. அதன் பின்சக்கரங்களோடு கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் இணைக்கப்பட்டிருந்தன. கயிற்றைக் கட்டி இழுத்ததும், கார் சிரமமில்லாமல் வெளியே வந்துவிட்டது.

"அகல டயர் போட்டா சேத்துலயும் போகலாம்னு நெனச்சேன் சார். பழைய ஒல்லி டயர் மாதிரியே மாட்டிக்கிச்சே, ஏன்?" என்று கேட்டான் மாணவன்.

டிராக்டர் ஓட்டியவர் முந்திக்கொண்டார். "தம்பி, ஒங்க சக்கரம் ரோட்டுக்கு. எஞ் சக்கரம் சேத்துக்கு. ஒங்க சக்கரம் இங்க பொதையுது. எஞ் சக்கரத்த ரோட்டுல உட்டா தாரு பேந்துரும்."

மாணவர்களே, இதைவிடச் சுருக்கமாக விடை சொல்ல என்னால் முடியாது. ஆனால், ஏன் அப்படி என்பதை இயற்பியல் விளக்குகிறது. அதைப் பார்ப்போம்.

தரையைத் தொடுவது எவ்வளவு?

ஒரு காரின் எடை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் சுமார் 250 கிலோவைத் தாங்குகிறது. டயரில் உள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. பெட்ரோல் நிலையத்தில் காற்றடிப்பவர் "முப்பது" என்று சொல்வது இதைத்தான். நம் கணக்குக்கு இது ஒரு சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ.

டயர் தரையில் படும் இடத்தில் சற்றே தட்டையாகிறது. மேலிருந்து அழுத்தும் 250 கிலோவை, உள்ளிருக்கும் காற்று சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ வீதம் தாங்க வேண்டும். அப்படியானால் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு? 250-ஐ 2.1-ஆல் வகுத்தால் சுமார் 119 சதுர செ.மீ. வருகிறது. டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் உண்மைக்கு அருகில் இருக்கும் கணக்கு.

ஒரு தபால் அட்டை 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் பரப்பு 126 சதுர செ.மீ. ஆக, நாம் ஏறிச் செல்லும் கார் நான்கு தபால் அட்டைகள் அளவுள்ள ரப்பரின் மேல்தான் ஓடுகிறது! வேகமெடுப்பது, திரும்புவது, பிரேக் போட்டால் நிற்பது எல்லாம் அந்த நான்கு அட்டைகளின் பொறுப்பு.

இப்போது அகல டயரைப் போடுவோம். காரின் எடை மாறவில்லை. காற்றழுத்தத்தையும் மாற்றவில்லை. அப்படியென்றால் தொடும் பரப்பும் ஏறக்குறைய அதே 119 சதுர செ.மீ.தான்! மாறுவது அதன் வடிவம் மட்டுமே. முன்பு 13 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமுமாக இருந்த தடம், இப்போது 17 செ.மீ. அகலமும் 7 செ.மீ. நீளமுமாக ஆகிறது. தபால் அட்டை பெரிதாகவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அகல டயர் போட்டால் தரையில் படும் ரப்பர் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் முதல் பிழை இருக்கிறது.

சேறு என்ன கேட்கிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் வயலில் நிற்கிறார். அவருடைய இரண்டு பாதங்களின் பரப்பும் சேர்ந்து சுமார் 300 சதுர செ.மீ. என்று கொண்டால், சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ அழுத்தம். ஒரு காலைத் தூக்கி நடக்கும்போது அது 0.4 ஆகிறது. அதற்கே சேற்றில் கணுக்கால் புதைகிறது. கார் டயரோ 2.1 கிலோ அழுத்தத்தோடு இறங்குகிறது. நிற்கும் மனிதரைப் போலப் பத்து மடங்கு! புதையாமல் என்ன செய்யும்?

டயர் புதையப் புதைய, அதன் பக்கங்களும் சேற்றின் மேல் படிந்து பரப்பு கூடும் என்பது உண்மை. அப்போது அகலம் கொஞ்சம் உதவும். ஆனால் நம் மாணவன் கூட்டிய 4 செ.மீ. அகலம் போதாது. மேலும், அவன் தாழ்த்திவிட்ட கார், சக்கரம் போதிய அளவு படியும் முன்பே அடிவயிற்றைத் தரையில் வைத்துவிட்டது. வயிறு தரையில் பட்டதும் எடையில் ஒரு பங்கு அதன் மேல் போய்விடும். சக்கரங்களின் பிடிப்பு மேலும் குறையும்.

கூண்டுச் சக்கரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. டயருக்குப் பக்கத்தில் கூடுதல் அகலத்தைத் தந்து, டிராக்டர் ஆழப் புதையாமல் தாங்குகிறது. அதன் குறுக்கே பற்றவைத்த இரும்புச் சட்டங்கள் சேற்றை வெட்டி, பின்னுக்குத் தள்ளி, வண்டியை முன்னுக்கு நகர்த்துகின்றன. படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவது போலத்தான். கூடவே சேற்றைக் கலக்கி மிதிப்பதும் நடந்துவிடுகிறது. அதே சட்டங்கள் தார்ச் சாலையில் ஏறினால், டிராக்டரின் எடை முழுவதும் சில மெல்லிய இரும்பு விளிம்புகளின் மேல் குவிகிறது. விளிம்பின் பரப்பு மிகக் குறைவு. ஆகவே அழுத்தம் மிக அதிகம். தார் பெயர்வது அதனால்தான்.

நெல் அறுவடை இயந்திரங்களிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். தை மாதத்தில் வயல் காய்ந்திருந்தால் டயர் வைத்த இயந்திரம் போதும். ஈரம் காயாவிட்டால் விவசாயிகள் செயின் வண்டியைத் தேடுகிறார்கள். அதன் வாடகையும் அதிகம். 3000 கிலோ எடையுள்ள ஒரு செயின் வண்டியில், 45 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகள் ஒவ்வொன்றும் 150 செ.மீ. நீளத்துக்குத் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். மொத்தப் பரப்பு 13,500 சதுர செ.மீ. அழுத்தம் 0.22 கிலோதான். மூன்று டன் இயந்திரம், வரப்போரம் நிற்கும் மனிதர் அழுத்தும் அளவுக்கே வயலை அழுத்துகிறது!

தார்ச் சாலை என்ன கேட்கிறது?

சாலை புதைவதில்லை. அங்கே வேண்டியது உராய்வு. ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும், தேவைப்படும் விசை ஏறக்குறைய ஒன்றுதான் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உராய்வு தொடும் பரப்பைச் சார்ந்ததல்ல என்ற இந்த விதியைப் பிரெஞ்சு அறிஞர் அமான்டன் 1699-இல் வெளியிட்டார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இதைக் கண்டு குறித்து வைத்திருந்தார்.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு அகல டயர்கள் ஏன்? ரப்பர் செங்கல்லைப் போன்றதல்ல என்பதே விடை. அது மென்மையானது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து இறங்கிப் பற்றிக்கொள்கிறது. மிருதுவான ரப்பர் நன்றாகப் பற்றும். ஆனால் சீக்கிரம் சூடாகித் தேய்ந்துவிடும். டயர் அகலமாக இருந்தால், அந்தச் சூடும் தேய்மானமும் அதிக ரப்பரின் மேல் பரவுகின்றன. ஆகவே மேலும் மிருதுவான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. அகலமான, நீளம் குறைந்த தடம் பக்கவாட்டில் குறைவாகவே நெளிவதால், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்புகிறது. அகல டயரால் காய்ந்த சாலையில் கிடைக்கும் நன்மை இதுதான்.

ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. சுமை இரு மடங்கானால் அதன் பிடிப்பும் இரு மடங்காவதில்லை; அதைவிடச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. காரைத் தாழ்த்துவதன் ரகசியம் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

தேரும் காரும்

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருக்கிறீர்களா? அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம். அவ்வளவு உயரமான தேர் எப்படிச் சாயாமல் போகிறது? கனமான மரவேலை எல்லாம் சக்கரங்களை ஒட்டிய அடிப்பகுதியில் இருக்கிறது. அதற்கு மேல் மூங்கிலும் துணியும்தான். எனவே ஈர்ப்பு மையம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக அமைகிறது. வண்டியில் வைக்கோலை உயர ஏற்றுவதோ இதற்கு நேர்மாறு. ஈர்ப்பு மையம் மேலேறுகிறது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே வண்டி குடை சாய்கிறது.

கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: பக்கவாட்டு விசையை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நம் கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. முடுக்கம் 20 × 20 ÷ 80 = 5 மீ/நொடி². விசை 1000 × 5 = 5000 நியூட்டன். ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர், சக்கர இடைவெளி 1.4 மீட்டர் என்றால், மாறும் சுமை சுமார் 1786 நியூட்டன், அதாவது 182 கிலோ. வெளிப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 682 கிலோவையும், உட்பக்கச் சக்கரங்கள் 318 கிலோவையும் தாங்குகின்றன. வெளிப்பக்க ரப்பருக்குக் கூடும் பிடிப்பு, உட்பக்க ரப்பர் இழக்கும் பிடிப்பை ஈடுசெய்யாது. மொத்தத்தில் நஷ்டம்.

காரை 5 செ.மீ. தாழ்த்தினால், மாறும் சுமை 164 கிலோவாகக் குறைகிறது. லாபம் 18 கிலோ. பந்தயத்தில் நொடியின் சிறு பகுதியும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதால், அங்கே இந்த 18 கிலோ பெரிது. நம் சாலையிலோ? நெறிப்படி அமைத்த வேகத்தடையின் உயரமே 10 செ.மீ. நம் ஊர் வேகத்தடைகள் எல்லாம் நெறிப்படி அமைந்தவை அல்ல என்பது உங்களுக்கே தெரியும்!

ஒரு பந்தயத்தின் கதை

டயரும் தரையும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த நாள் 2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஃபார்முலா 1 பந்தயம். அந்தத் தடத்தில் சரிவாக உயர்த்தி அமைக்கப்பட்ட வேகமான வளைவு ஒன்று உண்டு. பயிற்சியின்போது அங்கே மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் பழுதடைந்தன. மற்ற தடங்களில் நன்றாக ஓடிய டயர்கள் அந்த ஒரு வளைவின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. பந்தய நாளன்று, மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் ஒத்திகைச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின.

அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர், ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயன். நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-இல் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவைதான். உலகின் மிகத் தேர்ந்த பொறியாளர்கள் வடிவமைத்த டயருக்கே, தரை ஒத்துவராவிட்டால் கதி இதுதான் என்றால், நாம் கடையில் அழகு பார்த்து வாங்கும் டயரைப் பற்றி என்ன சொல்ல!

மழைச் சாலை

இனி வருவது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. சாலையில் 5 மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் டயர், தன் அகலத்துக்கு முன்னால் உள்ள தண்ணீர் முழுவதையும் விலக்கியாக வேண்டும். 165 மி.மீ. டயர் நொடிக்கு 16.5 லிட்டரை விலக்க வேண்டும். 205 மி.மீ. டயர் 20.5 லிட்டரை விலக்க வேண்டும். ஒவ்வொரு நொடியும் ஒரு குடத்துக்கு மேல் தண்ணீர்!

விலக்க முடியாமல் போனால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்புப் போல நுழைந்து, அதைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. நான்கு தபால் அட்டைகளும் மிதக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தால் நிற்காது. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்து, 1963-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 30 பவுண்டு அழுத்தத்துக்கு அது மணிக்கு சுமார் 57 மைல், அதாவது 91 கி.மீ. காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும்.

தடத்தின் வடிவமும் முக்கியம் என்பது பின்னால் தெரிந்தது. அகலம் கூடி நீளம் குறைந்த தடம், மேலும் குறைந்த வேகத்திலேயே மிதக்கிறது. குறுகிய, நீண்ட தடம் படகின் கூரிய முனையைப் போல நீரைக் கிழித்துச் செல்கிறது. அகன்ற தடம் பலகையைப் போல நீரின் மேல் ஏறிக்கொள்கிறது. காய்ந்த சாலையில் உதவிய அதே அகலம், மழையில் எதிரியாகிறது!

டயரில் வெட்டப்பட்ட பள்ளங்கள்தான் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்கள். தூர்ந்த வாய்க்காலில் நீர் வடியாதது போல, தேய்ந்த டயரிலும் வடியாது. கார் டயரில் இந்தப் பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.

பொருத்தும்போது நேரும் சிக்கல்கள்

அகலச் சக்கரம் மட்கார்டுக்குள் அடங்காவிட்டால், அதைச் சற்று வெளியே தள்ளிப் பொருத்துவார்கள். 2.5 செ.மீ. வெளியே தள்ளினால், 250 கிலோ சுமை ஒரு நெம்புகோலைப் போலச் செயல்படுகிறது. அதன் திருப்புதிறன் 625 கிலோ-செ.மீ. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 6 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டது போன்ற இந்தச் சுமையைச் சக்கரத்தின் பேரிங் எப்போதும் தாங்க வேண்டும். பள்ளத்தில் விழும்போது இது இன்னும் பல மடங்கு. காரும் தாழ்ந்திருந்தால், குலுங்கும்போதும் திரும்பும்போதும் டயர் மட்கார்டில் உரசும்.

வேகமானியையும் மறக்கக் கூடாது. டயரின் பக்கத்தில் 165/80 R 14 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு; ரிம்மின் விட்டம் 14 அங்குலம். இதன் மொத்த விட்டம் 620 மி.மீ. அதற்குப் பதில் 205/65 R 15 போட்டால் விட்டம் 647 மி.மீ.க்கு மேல் ஆகிறது. வேகமானி 60 என்று காட்டும்போது கார் உண்மையில் ஏறக்குறைய 63-இல் ஓடுகிறது. ஆனால் 195/60 R 15 போட்டால் விட்டம் 615 மி.மீ. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் மாற்றுவார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வண்டிக்கென்று தயாரிப்பாளர் அனுமதித்த டயர் அளவுகள் அதன் கையேட்டில் இருக்கும். அந்த எல்லைக்குள் நிற்பதே அறிவு.

அந்த மாணவனிடம் இந்தக் கணக்குகளை எல்லாம் வரப்பிலேயே ஒரு குச்சியால் எழுதிக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு அவனைப் பார்த்தபோது காரில் பழைய ஸ்பிரிங்குகளும் பழைய டயர்களும் இருந்தன. "மழை முடியறதுக்குள்ளயே மாத்திட்டேன் சார். அந்தக் குடம் கணக்குதான் பயமுறுத்திடுச்சு" என்றான்.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, டயரின் அடியில் நனைந்த சுண்ணாம்புக் கட்டியைப் பூசுங்கள். ஒரு கறுப்புத் தாளின் மேல் சக்கரத்தை நேராக இறக்குங்கள். நண்பர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஏறி உட்கார்ந்து இறங்கட்டும். மீண்டும் தூக்கினால், தாளில் தடம் பதிந்திருக்கும். வரைபடத் தாளில் நகலெடுத்து, கட்டங்களை எண்ணி அதன் பரப்பைக் கண்டுபிடியுங்கள். சைக்கிள் கடையில் டயரின் காற்றழுத்தத்தை அளந்து, பவுண்டுக் கணக்கை 0.07-ஆல் பெருக்கினால் சதுர செ.மீ.க்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். இரண்டையும் பெருக்குங்கள். அந்தச் சக்கரம் தாங்கும் எடை தோராயமாக வந்துவிடும். காற்றைச் சற்றுக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். தடம் என்ன ஆகிறது? ஏன்?